மூன்று விரல் துரு

அத்தியாயம் 17

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு மாமாவின் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் இருந்து வாங்கினோம்.

போன எம்.பி. தேர்தலுக்கு ஒப்படைத்தது. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் உள்ளவர்கள் துப்பாக்கியைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் அந்த மாதம் பிரேமலதா இறந்தாள். அதற்குப் பிறகு யாருக்கும் துப்பாக்கி நினைவில்லை.

பிரேமலதா என் மனைவி. மாமாவின் இளைய மகள்.

"பதினோரு துப்பாக்கி வந்துச்சு. பத்து போயிட்டு. உங்களது மட்டும்தான் மூலையில நின்னுக்கிட்டே இருந்துச்சு" என்றார் ரைட்டர் ஆவுடையப்பன். நூலில் கட்டியிருந்த சீட்டை அறுத்துவிட்டு மாமாவிடம் கையெழுத்து வாங்கினார். கையெழுத்து மூன்று துண்டாக விழுந்தது. மாமா செல்லச்சாமிக்கு எழுபத்தொரு வயது. கை நடுங்குகிறது.

அதனால்தான் லைசென்ஸை என் பெயருக்கு மாற்றச் சொன்னார். விண்ணப்பத்தை என் இ-சேவை மையத்தில் நானே தட்டினேன். 'உரிமதாரருக்கும் விண்ணப்பதாரருக்கும் உள்ள உறவு' என்ற கட்டத்தில் 'மருமகன்' என்று அடித்தேன். மாமா அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்து, "இது போதும்" என்றார்.

பிள்ளையும் இல்லை, மனைவியும் இல்லை, இவன் இன்னும் ஏன் மாமனார் வீட்டில் இருக்கிறான் என்று எங்கள் ஊர் கரிவலத்தில் பேச்சு. அரசாங்கத் தாளில் ஒருமுறை அந்த வார்த்தை ஏறிவிட்டால் பேச்சு நின்றுவிடும் என்று மாமா நம்புகிறார். அவர் வீட்டில் இப்போது அவரும் நானும்தான்.

இரண்டு காரியம் பாக்கி. திங்கட்கிழமை தாலுகா ஆபீஸில் துப்பாக்கியைக் காட்ட வேண்டும். அது வேலை செய்ய வேண்டும். இன்னொன்று, மூத்த மகள் ராஜகுமாரி ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். மதினி அந்தத் தாளை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். போன வாரம் சொன்னது இவ்வளவுதான்: "துப்பாக்கிய மட்டும் அவரு பேர்ல எழுதாதீங்கப்பா. வேற எத வேணாலும் எழுதுங்க."

காரணம் சொல்லவில்லை. நானும் விசாரிக்கவில்லை. ஒன்றரை வருஷமாக எனக்கென்று நான் எதையும் கேட்பதில்லை. குழம்பில் உப்பு குறைந்தால் அப்படியே சாப்பிட்டு எழுந்துவிடுவேன்.

ஆட்டோவில் மாமா துப்பாக்கியை இரண்டு முழங்காலுக்கு நடுவில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். பொங்கலுக்குக் கரும்பு கொண்டுபோகிறவர் மாதிரி.

*

முகம்மது சாதிக் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ராஜபாளையம் ரோட்டில் லேத் பட்டறை. சுற்றிலும் விசைத்தறிகள். அவற்றின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவனுக்குக் குரலே உரக்க ஆகிவிட்டது. துப்பாக்கி பழுது பார்க்கும் உரிமம் அவன் அத்தா வாங்கியது. பிறகு இவன் பெயருக்கு மாறியது. சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறான். வருஷத்துக்கு ஏழெட்டுத் துப்பாக்கி வரும். மற்ற நாளெல்லாம் தறிக்குச் சாமான் கடைகிறான்.

உறையின் ஜிப்பை இழுத்தான். வரவில்லை. துருப்பிடித்திருந்தது. குறடால் பிடித்து இழுத்தான்.

"இந்தத் தோல் உறை யாரு வாங்குனது, அண்ணாச்சி?"

"நான்தாம்லே. மதுரையில சொல்லிச் செஞ்சது. ஒரு தூசி உள்ள போவாது."

"நல்ல தோலு. ஈரத்த நல்லாக் குடிச்சிருக்கு. குடிச்சத ஒண்ணரை வருசமா இரும்புக்கு ஊட்டிக்கிட்டு இருந்திருக்கு."

ஒற்றைக்குழல் துப்பாக்கி. வெளியே எடுத்ததும் கெட்டுப்போன எண்ணெய் வாடை வந்தது. கட்டையில் வெள்ளையாகப் பூஞ்சை. கட்டை இரும்போடு சேரும் இடம் கறுத்திருந்தது. சாதிக் அங்கே நகத்தால் அழுத்தினான். நகம் இறங்கியது.

"நிமித்தி வச்சிருக்காங்க. எண்ணெய் பூரா கீழ எறங்கி மரத்துல ஊறிட்டு. இரும்பு காஞ்சிட்டு, மரம் நைஞ்சிட்டு. என்ன எண்ணெய் விடுவீங்க?"

"தேங்கெண்ணெய். செக்குல ஆட்டுனது. கடை எண்ணெய் தொடவே மாட்டோம்."

"அது தலைக்கு, அண்ணாச்சி."

"துப்பாக்கிக்கு விட்டா என்ன?"

"நாளாக நாளாகப் பிசினாயிரும். இங்கன பாருங்க." விசைக்கு மேலே சுத்தியல் மாதிரி இருக்கும் குதிரையைப் பின்னால் இழுத்தான். மெதுவாகப் போனது. உள்ளே தோட்டா இல்லை என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு விசையை அழுத்தினான். குதிரை படாரென்று அடிக்க வேண்டும். அது பஸ்ஸில் தூங்கி விழுகிறவன் தலையைப் போல இறங்கி, பாதியில் நின்றது.

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாதிக் துணியால் குழலைத் துடைத்தான். துரு எங்கும் புள்ளி புள்ளியாக இருந்தது. குதிரைக்கு முன்னால் ஓர் இடத்தில் மட்டும் அப்படி இல்லை. பக்கத்தில் பக்கத்தில் மூன்று பட்டை. இரும்பு அந்த மூன்று பட்டையிலும் பள்ளமாக அரித்துச் செம்பழுப்பாக இருந்தது.

"இது என்னலே, கோடு போட்ட மாதிரி?" என்று என்னைக் கேட்டான்.

"ஆயுத பூஜைச் சந்தனம்" என்றேன்.

மாமா வீட்டு வழக்கம் அது. சரஸ்வதி பூஜை அன்று மண்வெட்டி, பம்ப்செட் மோட்டார், துப்பாக்கி எல்லாவற்றுக்கும் மூன்று விரலால் சந்தனப் பட்டை, மேலே குங்குமம், ஒரு சொட்டு எண்ணெய். வைத்ததைத் துடைக்கக் கூடாது. அடுத்த வருஷம் அதன் மேலேயே, அதே இடத்தில் வைக்க வேண்டும். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அதை வைத்தவள் பிரேமலதா. நான்கு பூஜை.

"சந்தனம் ஈரம் குடிக்கும். குங்குமத்துல சுண்ணாம்பு, புளிப்பு எல்லாம் கெடக்கும்" என்றான் சாதிக். "ஸ்டேஷன்ல ஒண்ணும் பண்ணல, அண்ணாச்சி. சும்மா நிப்பாட்டித்தான் வச்சிருக்காங்க. நீங்க எல்லாரும் பாசமாப் பாத்துக்கிட்டதுதான் இதக் கெடுத்திருக்கு."

நான் என் மூன்று விரல்களைப் பட்டைகளின் மேல் வைத்துப் பார்த்தேன். என் விரல்கள் அகலம். எடுத்துக்கொண்டேன்.

*

சாதிக் துப்பாக்கியை மடக்கித் திறந்து விளக்கருகில் கொண்டுபோனான்.

"ஊசி எங்க?"

"என்ன ஊசி?" என்றார் மாமா.

"குதிரை அடிச்சதும் தோட்டா அடியில போய்க் குத்துமே, அந்தச் சின்னக் கம்பி. அது இல்லாம இது ஒலக்கை. ஓட்ட இருக்கு, ஊசிய காணும்."

மாமா எழுந்து செருப்பைத் தேடினார். "ஸ்டேஷன்ல கழட்டிட்டானுவ. அந்த ரைட்டரு மூஞ்சியப் பாத்தப்பவே நெனச்சேன்."

"உக்காருங்க அண்ணாச்சி. மொதல்ல ஸ்க்ரூவக் கேப்போம்."

நடுப் பட்டையின் ஓரத்தில் ஒரு சிறிய ஸ்க்ரூ. அதைத் திருகித்தான் ஊசியை எடுக்க முடியும். அதன் தலைப் பள்ளத்தில் சந்தனம் கல் மாதிரி இறுகியிருந்தது. சாதிக் கண்ணில் லென்ஸ் வைத்துக்கொண்டு, தையல் ஊசியால் ஓரமாக நெம்பினான். அரிசி நொய் அளவு ஒரு துணுக்கு வெள்ளைத் தாளில் விழுந்தது. லென்ஸை என்னிடம் தந்தான்.

பக்கவாட்டில் பார்த்தேன். மஞ்சள், அதன் மேல் சிவப்பு, அதன் மேல் எண்ணெய்ப் பிசின் பழுப்பு. மறுபடி மஞ்சள், சிவப்பு, பழுப்பு. மறுபடியும்.

"எத்தன?" என்றான்.

"மூணு."

"இந்த ஸ்க்ரூவத் திருகணும்னா ஸ்க்ரூடிரைவர் இந்தப் பள்ளத்துக்குள்ள போவணும். போனா சந்தனம் ஒடையும். இது மூணு வருசத்துச் சந்தனமும் ஒடையாம இருக்கு. அப்ப ஸ்டேஷனுக்குப் போறதுக்கு முன்னாடியே ஊசி இல்ல. கடைசி மூணு பூஜைக்கும் முன்னாடி கழட்டுனது."

"நாலு பூஜைல்லா வச்சா எம் மவ?"

"மொத வருசத்துச் சந்தனம், கழட்டும்போது ஒடஞ்சு போயிருக்கும். அதுக்கு மேலதான் இந்த மூணும்."

முதல் பூஜைக்கும் இரண்டாம் பூஜைக்கும் நடுவில். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். எதையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றி வெகு நாளாயிற்று.

சாதிக் மாமாவைப் பார்த்தான். "அண்ணாச்சி, அப்பமிருந்து நீங்க ஒரு தடவகூடச் சுடலையா?"

"சுடாம இருக்கதுக்குத்தானடே துப்பாக்கி."

"ரெண்டு வருசத்துக்கு முன்ன மக்காச்சோளத்துல பன்னிய சுட்டு வெரட்டுனேன்னு டீக்கடையில சொன்னீங்களே. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

மாமா வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஓலைப் பட்டாசு" என்றார் கடைசியில்.

சாதிக் சிரிக்கவில்லை. லேத் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

"வீட்ல யாரு கழட்டுவா? நீங்களும் நானும்தான இருக்கோம், மாப்ள?"

"அப்ப மூணு பேரு மாமா."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு துப்பாக்கியை.

"பெத்துராஜு" என்றார் திடீரென்று. பெத்துராஜ் அவருடைய சித்தப்பா மகன். கிணற்றுப் பாதைத் தகராறில் இன்றுவரை பேச்சு கிடையாது. "அந்த வருசம்தான் பாதைய அடச்சான். நான் இத எடுத்து, அவன் பாக்கட்டும்னு முத்தத்துல உக்காந்து தொடச்சேன். ஒரு மாசம் தெனமும் தொடச்சேன். அதுல பயந்துதான் அவன் வேலிய எடுத்தான்." நிறுத்தினார். "அப்ப நான் ஒலக்கையவா தொடச்சேன்?"

"பெத்துராஜ் அண்ணாச்சிக்குத் தெரியாதுல்லா, விடுங்க" என்றான் சாதிக்.

"எம் மவளுக்குத் தெரிஞ்சிருக்குல்லா. அப்பன் யாரையும் சுட்டுருவான்னு நெனச்சிருக்கா." கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் ஏதோ ஒரு பெருமை வந்திருந்தது. "விவரமான புள்ள."

நான் தாளில் கிடந்த சந்தனத் துணுக்கைப் பார்த்தேன்.

அதே வருஷம்தான் பொங்கலுக்கு ஊருக்கு வந்த நான் சென்னைக்குத் திரும்பவில்லை. கம்பெனியில் இனி வேலைக்கு வர வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். ஆறேழு மாதம் மாடி அறையில் கிடந்தேன். பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவேன், சில நாள் வரமாட்டேன்.

துப்பாக்கி மாட்டியிருந்தது அந்த அறையில். மாமாவுக்கு அது நினைவில்லை. எனக்கு இருந்தது.

"புது ஊசி ஒரு மணி நேரத்துல கடஞ்சு போட்டுரலாம்" என்றான் சாதிக். "பிசின எடுத்து, நல்ல எண்ணெய் விட்டா திங்கக்கெழமை வேல செய்யும். கடையட்டா?"

மாமா தலையாட்டினார்.

"இரு" என்றேன். "பிசின மட்டும் எடு. ஊசி கடையாத. மதினி வீட்டுக்குப் போயிட்டு வாரேன்."

"கையெழுத்துக்கா?" என்றார் மாமா.

"ஆமா மாமா."

பாதி உண்மை.

*

ராஜகுமாரி மதினி வீடு ரயில் ஸ்டேஷன் போகிற வழியில். முன்னறையில் தையல் மெஷின். பிளவுஸ் தைக்கிறார். நான் உள்ளே போனபோது ஒன்றுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"பேப்பருக்கா வந்தீங்க, தம்பி?"

"ஆமா மதினி."

"அதான் சொல்லிட்டேன்லா." மெஷின் ஓடியது. "சாப்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"சாப்டாலும் என்ன, உங்களுக்கு வைக்கோலப் போட்டாலும் தின்னுட்டு எந்திரிப்பீங்க. இன்னும் கொஞ்சம் போடுன்னு கேக்கவா போறீங்க?"

வழக்கமாகச் சொல்வதுதான். நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"துப்பாக்கியில ஒரு சாமான் இல்ல, மதினி."

மெஷின் நின்றது.

"சாதிக் புதுசு செஞ்சு தாரேங்கான்."

"செஞ்சுட்டானா?"

"இல்ல. நிப்பாட்டச் சொன்னேன்."

"ஏன்?"

"கழட்டுனது யாருன்னு தெரியணும்."

மதினி துணியை மெஷினில் இருந்து எடுத்தார். நூலைக் கடித்து அறுத்தார். "தெரியணும்னு உங்களுக்குத் தோணிச்சா? நெசமாவா?"

"ஆமா."

அவர் எழுந்து ஜன்னல் மேல் இருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்தார். பிளவுஸ் கொக்கிகள் போட்டு வைக்கும் டப்பா. விரலால் கிளறி, அடியில் இருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து என் எதிரில் மேஜையில் வைத்தார்.

"மெஷின் ஊசி மாத்துத ஸ்க்ரூடிரைவர என்கிட்டதான் வாங்கிட்டுப் போனா. எதுக்குட்டின்னு கேட்டேன். மிக்ஸி ரிப்பேருன்னா. மறுநாளே பஸ்ல வந்து ஸ்க்ரூடிரைவரையும் இதையும் சேத்துக் குடுத்தா. இது என்னன்னு பேரு கூட அவளுக்குத் தெரியல. இதக் கழட்டுனா சுடாதாம், போன்ல பாத்தாளாம்."

"பெத்துராஜ் தகராறுக்காகன்னு மாமா நெனக்காரு."

"அப்பா அப்படியே நெனச்சுக்கிடட்டும். சந்தோசமா இருப்பாரு." பொட்டலத்தை என் பக்கமாக ஒரு விரலால் தள்ளினார். "பிரிங்க."

நாள்காட்டியில் கிழித்த தாள். ஜூன் 11, வெள்ளி. அந்த வருஷம்தான். உள்ளே சுண்டுவிரலில் பாதி நீளத்தில் ஒரு எஃகுக் கம்பி, ஒரு முனை உருண்டையாக. மெஷின் எண்ணெய் பூசியிருந்தது. துரு இல்லை. நாலரை வருஷம் கொக்கிகளுக்கு அடியில் கிடந்தும் புதிதுபோல இருந்தது.

தாளின் பின்பக்கம் பென்சிலில் அவள் கையெழுத்து.

'அவரு கேட்டா குடு.'

அப்பாவை அவள் அப்பா என்றுதான் சொல்வாள். பெத்துராஜைச் சித்தப்பா என்பாள். பெயர் சொல்லாமல் அவரு என்று அவள் சொன்னது உலகத்தில் ஒருத்தரைத்தான்.

இரண்டு முறை வாசித்தேன்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு, மதினி?"

"அவ சொல்லல. நீங்கல்லா சொல்லணும்."

யோசித்தேன். மாடி அறை. மின்விசிறி. சுவர். ஜூன் பதினொன்றில் நான் என்ன செய்தேன், அவள் என்ன பார்த்தாள், ஒன்றும் நினைவில்லை. எல்லா நாளும் ஒரே நாளாகத்தான் இருந்தன.

"நெனப்பில்ல" என்றேன்.

என் போன் அடித்தது. மாமா.

"மாப்ள, அவ கையெழுத்து போட்டாளா? சாதிக் டீ வாங்கித் தந்தான். குழல்ல அந்த மூணு கோட்டையும் தேச்சு எடுத்துரவான்னு கேக்கான். நான் கெடக்கட்டும்னுட்டேன். ஆபீசர் நம்பரத்தான பாப்பாரு. கெடக்கட்டும்தான, மாப்ள?"

"கெடக்கட்டும் மாமா."

போனை வைத்தேன். மதினி நான் கொண்டுவந்திருந்த ஆட்சேபணை இல்லை என்ற தாளை வாங்கி ஊசியின் பக்கத்தில் வைத்தார். பேனாவைத் திறந்தார். எழுதவில்லை.

"அவ போன பெறவு தெனமும் இந்த டப்பாவப் பாப்பேன், தம்பி. இருக்கான்னு பாப்பேன். இப்ப அப்பா அந்தச் சனியனையே உங்க பேர்ல எழுதணும்ங்காரு. நான் எப்படிப் போடுவேன் கையெழுத்து?" பேனா மூடியைத் திருகினார், திறந்தார். "போடுதேன். ஊசியும் தாரேன். ஆனா அவ எழுதுன மாதிரி நீங்க கேக்கணும். அப்பா ஆசைப்படுதாருன்னு கேக்கக் கூடாது. ஆபீசுல வேணும்னு கேக்கக் கூடாது. இந்த வீட்டு மருமகனா இருக்கணும், எனக்கு வேணும்னு உங்க வாயால கேக்கணும். கேளுங்க."

ஊசி மேஜையில் இருந்தது. என் கைக்கு எட்டும் தூரம். திங்கட்கிழமைக்கு இரண்டு நாள் இடையில் இருந்தது. ரயில்வே கேட் மூடும் மணி அடித்தது. அது நிற்கும்வரை மதினி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தொண்டை காய்ந்திருந்தது. காலையில் இருந்து எதுவும் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"கொஞ்சம் தண்ணி குடுங்க, மதினி" என்றேன்.

நானாக ஒன்றைக் கேட்டதை நம்பாதவர் மாதிரி அவர் ஒரு கணம் உட்கார்ந்திருந்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு வேகமாக உள்ளே போனார். அடுக்களையில் ஒரு டம்ளர் விழுந்தது. இன்னொன்றை எடுக்கும் சத்தம் கேட்டது. குழாயைத் திறந்துவிட்டு வெகு நேரம் மூடாமல் நின்றார்.

ஊசியும் தாளும் எனக்கு முன்னால் தனியாக இருந்தன. அவர் திரும்பி வரும்வரை நான் கைகளை மடியிலேயே வைத்திருந்தேன்.